வீட்டில் செய்த விலையுயர்ந்த கைக்கடிகாரம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

சென்ற ஆண்டு ஆய்வுக்கூடத்தில் முறுக்கு ஊசல் பரிசோதனை செய்துகொண்டிருந்தோம். கம்பியில் தொங்கும் வட்டத் தட்டைச் சற்றே திருப்பிவிட்டு, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்த எங்களிடம் பேராசிரியர் ஒருவர் வந்தார். "இந்தத் தட்டை ஒரு காசு அளவுக்குச் சுருக்கி, கம்பிக்குப் பதிலாக மயிரிழை போன்ற சுருள்வில்லைப் பொருத்தினால் என்ன கிடைக்கும்?" என்று கேட்டார். ஒருவருக்கும் விடை தெரியவில்லை. "கைக்கடிகாரம்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அந்த ஒரு சொல்லால் என் கோடை விடுமுறை முழுவதும் போயிற்று. அவ்விடுமுறையில் நான் செய்ததையும், கெடுத்ததையும், அதனால் கற்றதையும் நம் மலரில் எழுதுகிறேன்.

கைக்கடிகாரத்தில் இருவகை உண்டு என்பதை அனைவரும் அறிவர். மின்கலத்தில் ஓடுவது குவார்ட்ஸ். அதனுள் இருக்கும் சிறு படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண் இரண்டின் பதினைந்தாம் அடுக்கு என்பதைக் கணித மாணவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். 1969 டிசம்பரில் ஜப்பானின் சைக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நடைபாதையில் விற்கும் குவார்ட்ஸ் கடிகாரம்கூட மாதத்திற்குப் பதினைந்து, இருபது விநாடிக்கு மேல் பெரும்பாலும் பிசகுவதில்லை. மற்றொன்று சாவி கொடுத்து ஓடுவது. அதில் மிக உயர்ந்தவையே நாளொன்றுக்குச் சில விநாடி பிசகும். 'குரோனோமீட்டர்' என்று சான்றிதழ் பெறும் கடிகாரத்துக்கு, சராசரியாக நாளொன்றுக்கு 4 விநாடி பின்தங்கலாம், 6 விநாடி முந்தலாம் என்று அனுமதி இருக்கிறது. அப்படியானால் சாவிக் கடிகாரம் ஏன் இலட்சக்கணக்கில் விற்கிறது? நேரத்தை அதிகம் பிசகுவதற்கா அதிக விலை? இந்தக் கேள்விக்கு விடை காண, அப்படிப்பட்ட ஒன்றைச் செய்தே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

மாதிரியாக நான் எடுத்துக்கொண்டது ஜெனீவாவின் படெக் பிலிப் நிறுவனம் 1932-இல் வெளியிட்ட கலட்ராவா என்னும் வகை. வட்டமான மெல்லிய உறை, வெறுமையான வெண்முகம், எண்களுக்குப் பதில் கோடுகள், கூரிய முட்கள், அவ்வளவுதான். அலங்காரம் ஏதுமில்லாததால் செய்வது எளிது என்று எண்ணினேன். மறைத்துக்கொள்ள அலங்காரம் இல்லாத இடத்தில் ஒவ்வொரு கீறலும் தெரியும் என்பது பிறகுதான் விளங்கிற்று. அந்த நிறுவனத்தின் பெயரை என் கடிகாரத்தில் எழுதுவதில்லை என்பதை மட்டும் முதலிலேயே தீர்மானித்துக்கொண்டேன். பாணியைப் பார்த்துச் செய்வது வேறு, பெயரைத் திருடுவது வேறு.

'செய்தேன்' என்று சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. இங்கிலாந்தில் ஜார்ஜ் டேனியல்ஸ் என்பவர் இருந்தார் (1926-2011). ஏழ்மையான குடும்பத்தில் பிறந்தவர். கடிகாரத்தின் ஏறக்குறைய எல்லா உறுப்புகளையும் தம் கையாலேயே செய்தவர். அவர் கண்டுபிடித்த 'கோ-ஆக்சியல்' என்னும் விடுவிப்பு அமைப்பை ஓமேகா நிறுவனம் 1999-இல் தன் கடிகாரங்களில் கையாளத் தொடங்கியது. நான் அவரல்லன். பல்சக்கரம் வெட்ட என்னிடம் கருவி இல்லை. ஆகவே உள்ளே இருக்கும் இயந்திரம் பழையது. முகம், முட்கள், மெருகு ஆகியவை மட்டுமே என்னுடையவை. சுவிட்சர்லாந்திலும் பெயர்பெற்ற பல நிறுவனங்கள் இயந்திரத்தை வேறொரு ஆலையில் வாங்கித்தான் போடுகின்றன என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அந்தப் பழைய இயந்திரம் என் தந்தையாருடையது. எச்.எம்.டி. ஜனதா, 17 கல். திருமணத்தின்போது மாமனார் வீட்டில் மோதிரத்தோடு சேர்த்துப் போட்டது. மோதிரம் எப்போதோ அடகுக்குப் போய்விட்டது. கடிகாரம் மட்டும் ஓடாமல் தகரப் பெட்டிக்குள் கிடந்தது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூடுவதென்று 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது.  "துடைச்சு ஓட வெச்சுத் தரேன்ப்பா" என்று சொல்லி வாங்கினேன். அப்பா மறுக்கவில்லை. அவர் கிரானைட் மெருகேற்றும் பட்டறையில் கூலி வேலை செய்கிறார். "படிக்கிற பிள்ளை" என்றால் எதையும் நம்பிக் கொடுத்துவிடுவார்.

இதன் உட்புறத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாவி கொடுக்கும்போது ஒரு பீப்பாய்க்குள் இருக்கும் நீண்ட வில் இறுகுகிறது. அது விரிய முயலும்போது பல்சக்கரங்கள் வரிசையாகச் சுழல முற்படுகின்றன. தடையின்றி விட்டால் சில விநாடிகளில் அத்தனை ஆற்றலும் தீர்ந்துவிடும். கடைசிச் சக்கரத்தை இரு கல் முனைகள் கொண்ட ஒரு கவை தடுத்து நிறுத்துகிறது. அக்கவையை அசைத்து, சக்கரத்தைச் சிறிது சிறிதாக விடுவிப்பதே பேலன்ஸ் சக்கரத்தின் வேலை. 'டிக்' என்று நாம் கேட்பது அந்தத் தடையின் ஓசையே. பேலன்ஸ் சக்கரமும் அதன் சுருள்வில்லும் சேர்ந்தால் நம் ஆய்வுக்கூடத்து முறுக்கு ஊசலேதான். அலைவு நேரம், நிலைமத் திருப்புத்திறனின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்திலும், வில்லின் முறுக்கு மாறிலியின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். சுருள்வில்லோடு கூடிய பேலன்ஸை 1675-இல் உலகுக்கு அறிவித்தவர் ஹைகன்ஸ். அது தம்முடைய எண்ணமே என்று ஹூக் சண்டைக்கு வந்தார். நம் பாடநூலில் இருவரும் வெவ்வேறு அத்தியாயங்களில் அமைதியாக இருக்கிறார்கள்.

ஜனதாவின் பேலன்ஸ் மணிக்கு 18,000 முறை அடிக்கிறது. விநாடிக்கு ஐந்து, ஒரு நாளைக்கு 4,32,000. இதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் நாளொன்றுக்கு 8.64 விநாடி வித்தியாசம் வரும். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இரண்டு சதவீதப் பிழையைப் பெருமையோடு பதிவேட்டில் எழுதினோம். அந்தப் பிழை ஒரு கடிகாரத்தில் இருந்தால் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 29 நிமிடம் பிசகும்! அன்று முதல் எனக்குக் கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் மீது மரியாதை அதிகமாயிற்று.

'17 கல்' என்றால் ஏதோ விலைமதிப்பான கற்கள் என்று எங்கள் தெருவில் நினைக்கிறார்கள். அவை செயற்கை மாணிக்கக் கற்கள். வெர்னூய் என்னும் பிரெஞ்சு வேதியியலார் 1902-இல் அறிவித்த முறைக்குப் பிறகு அவை மலிந்துவிட்டன. உருக்கு அச்சு தேயாமல் வழுக்கிச் சுழலவே அக்கற்கள். பேலன்ஸ் அச்சின் முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமன்தான்.

இவ்வளவும் படித்திருந்தும், முதல் நாளே பெரும் தவறு செய்தேன். பேலன்ஸைத் தாங்கும் பாலத்தைத் தூக்கும்போது அதோடு சக்கரமும் சுருள்வில்லில் தொங்கிக்கொண்டு வரும். மெதுவாகத் திருப்பி வைக்க வேண்டும். நான் தூக்கிய கணத்தில் சக்கரம் எங்கோ சிக்கிக்கொண்டது. இழுத்தேன். சுருள்வில் நீண்டு, நூல் பிரிந்தது போலாகிவிட்டது. அதை நிமிர்த்தப் போய் முறித்தும் விட்டேன். அன்றிரவு அப்பா வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே, "ஓடுதா?" என்று கேட்டார். "இன்னும் துடைக்கலேப்பா" என்று பொய் சொன்னேன். நான்கு நாட்கள் அந்தப் பொய்யோடு இருந்தேன்.

ஐந்தாம் நாள் பேருந்து நிலையத்தருகே கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கும் கடிகாரக்கார பாயிடம் எடுத்துச் சென்றேன். கண்ணில் லென்சை மாட்டிப் பார்த்தவர், "இதை யாரு தம்பி தொட்டது?" என்றார். "நான்தான் பாய்" என்றேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு ஜனதாவின் பேலன்ஸை, சுருள்வில்லோடு, ஒரு மருந்துப் புட்டிக்குள்ளிருந்து எடுத்தார். "இதுவும் ஒண்ணுதான் இருக்கு. பழகணும்னா முதல்ல செத்துப்போன வாட்சுல பழகு" என்று, எதற்கும் ஆகாத இரண்டு இயந்திரங்களையும் சும்மா கொடுத்தார். பேலன்சுக்கு மட்டும் 250 ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்த இரண்டையும் பதினோரு முறை பிரித்துப் பூட்டிய பிறகே அப்பாவின் இயந்திரத்தை மறுபடியும் தொட்டேன். அதற்கு முன்பு அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "வேற கிடைச்சுதா?" என்று கேட்டார். "கிடைச்சுதுப்பா." "சரி, சாப்பிடு" என்றார்.

சுருள்வில்லைப் பற்றி இயற்பியல் மாணவர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. சாதாரண உருக்கில் செய்த வில், வெப்பம் ஏறினால் மீட்சித்திறன் குறைந்து தளரும். ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால் நாளொன்றுக்குச் சுமார் பத்து விநாடி கடிகாரம் பின்தங்கும். இதற்குத் தீர்வு கண்டவர் சார்லஸ் எடுவர்டு கில்லோம். சுவிட்சர்லாந்தில் ஒரு கடிகாரக்காரரின் மகனாகப் பிறந்தவர். நிக்கல்-இரும்புக் கலவைகளை ஆராய்ந்து இன்வார், எலின்வார் ஆகியவற்றைக் கண்டார். 1920-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டுப் பரிசு ஐன்ஸ்டீனுக்கு.

உறுப்புகளைப் பெட்ரோலில் கழுவி உலர்த்தியபின் மெருகு வேலைக்கு வந்தேன். விலையுயர்ந்த கடிகாரத்தின் அடையாளங்களில் ஒன்று நீலத் திருகாணி. அது சாயமன்று. துடைத்த உருக்கைச் சூடாக்கினால் 220 டிகிரி அளவில் வெளிர் மஞ்சள், 280-இல் ஊதா, 300-ஐ ஒட்டி ஆழ்ந்த நீலம், அதற்கும் மேலே போனால் சாம்பல் என நிறம் மாறும். மேலே படியும் ஆக்சைடு படலத்தின் இருபுறமும் எதிரொளிக்கும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வரும் நிறம் இது. மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெயில் காண்பதும், நியூட்டன் வளையங்களில் காண்பதும் இதே விளைவுதான். சூடு சீராகப் பரவப் பித்தளைத் தூளின்மேல் திருகாணியை வைத்துக் கீழே நெருப்பிட வேண்டும். லேத் பட்டறையில் பித்தளைத் தூள் கேட்டு வாங்கினேன். பாத்திரத்துக்கு அம்மாவின் தாளிப்புக் கரண்டி. ஊதாவிலிருந்து நீலத்துக்கு மாறும் நேரம் சில விநாடிகள்தான். கண்ணிமைத்தால் சாம்பல். அப்படிச் சாம்பலானதை மறுபடி தேய்த்து, மறுபடி சுட வேண்டும். ஐந்து திருகாணிகளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. கரண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அம்மா வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த வெற்றியின் மயக்கத்தில் பழைய முட்களையும் நீலமாக்க வைத்தேன். நீலம் வரவில்லை, மேற்பூச்சுக் கொப்பளித்து உரிந்தது. அவை பித்தளை முட்கள்! ஒரு காந்தத்தை அருகில் காட்டியிருந்தால் அரை விநாடியில் தெரிந்திருக்கும். முட்களை நானே செய்ய நேர்ந்தது இப்படித்தான். மோட்டார் மெக்கானிக்குகள் இடைவெளி அளக்கப் பயன்படுத்தும் ஃபீலர் கேஜின் 0.2 மி.மீ. தகட்டைச் செந்நிறமாகக் காய்ச்சி, மெதுவாக ஆறவிட்டு மென்மையாக்கி, அரத்தால் தேய்த்து வடிவாக்கினேன். ஏழு முட்கள் வீணாயின. எட்டாவதும் ஒன்பதாவதும் பார்க்கும்படி வந்தன. ஆனால் மெல்லிய தகட்டில் வெறும் துளை மட்டும் இருந்தால் அது அச்சைக் கவ்விப் பிடிப்பதில்லை, ஆடுகிறது. அதற்கும் பாய்தான் வழி சொன்னார். கெட்டுப்போன பித்தளை முட்களின் நடுக்குழாயை மட்டும் அறுத்தெடுத்து, புதிய முள்ளின் துளையில் செருகித் தட்டிப் பொருத்தினேன். கெடுத்த பொருளே கைகொடுத்தது. விநாடி முள் மட்டும் பழையது, வெள்ளையாகவே இருக்கிறது.

முகத்துக்குப் பித்தளைத் தகடு. பன்னிரண்டு கோடுகளையும் பாகைமானி வைத்து முப்பது முப்பது டிகிரியாகக் கீறிக் கறுப்பு நிரப்பினேன். ஏழாம் இடத்துக் கோடு ஒரு டிகிரி விலகிவிட்டது. பிறருக்குத் தெரியாது, எனக்கு ஒவ்வொரு முறையும் அது மட்டுமே தெரிகிறது. வெள்ளி நிறத்துக்குத் துணைப்பாட வேதியியல் உதவிற்று. குளோரைடு சோதனையில் விழும் வெண்ணிற வீழ்படிவு சில்வர் குளோரைடுதானே? பேராசிரியரின் அனுமதியோடு, கொட்டிவிட இருந்ததைச் சேர்த்துப் பலமுறை கழுவி, உப்பும் சில துளி நீரும் கலந்து பஞ்சால் பித்தளைமேல் தேய்த்தேன். செம்பு கரைய, அதன் இடத்தில் வெள்ளி படிந்தது. பனி மூடியது போன்ற மங்கிய வெண்மை. மேலே தங்கையின் நிறமற்ற நகப்பூச்சு. எச்.எம்.டி. முகத்தைப் பத்திரமாகத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். புதியதில் பெயரே இல்லை.

இனி மெருகு. உறையின் குரோமியப் பூச்சு வியர்வையிலும் கல்தூளிலும் தேய்ந்திருந்தது. உப்புத்தாள் வாங்கி வந்து தேய்த்தேன். 400, 800, 1200, 2000 என்று வரிசையாகத் தேய்த்தும், கண்ணாடி போல் வரவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் கோடுகள் எழும்பி நின்றன. திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "கொடு" என்று வாங்கினார். அவர் முதலில் செய்தது, நான்கு தாள்களையும் வெவ்வேறு தட்டில் வைத்ததுதான். "முன்ன இருந்த கோடு போறதுக்கு முன்னாடி அடுத்த தாளுக்குப் போவக் கூடாது. ஒவ்வொரு தாளுக்கும் குறுக்கால திரும்பித் தேய்க்கணும். அப்பத்தான் பழைய கோடு நிக்குதா போச்சான்னு தெரியும். நடுவுல நல்லாக் கழுவணும். முதல் தாளோட ஒரு மண்ணு கடைசித் தாள்ல ஒட்டிக்கிச்சுன்னா அத்தனையும் போச்சு" என்றார். மறுபடியும் 400-லிருந்து தொடங்க வைத்தார். மூன்று மாலைகள். கடைசியில் பருத்தித் துணியில் பாலிஷ் தடவித் தேய்த்தபோது உறையில் அவர் முகம் தெரிந்தது.

பாடநூலில், மேற்பரப்பின் மேடுபள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிதாகும்போது ஒழுங்கான எதிரொளிப்பு நிகழ்கிறது என்று படித்தேன். அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை என்று தேர்விலும் எழுதினேன். கறுப்புக் கிரானைட்டை மெருகேற்றினால் ஏன் இன்னும் கறுப்பாகிறது என்பதும் அதே விளக்கந்தான். அப்பா இருபது ஆண்டுகளாக அதைச் செய்துவருகிறார். சுவிட்சர்லாந்தின் உயர்ந்த கடிகாரங்களில் 'கறுப்பு மெருகு' என்று ஒன்று உண்டு. தட்டையான வெள்ளீயத் தகட்டில் உருக்கைத் தேய்த்து, ஒரு கோணத்தில் பார்த்தால் முற்றிலும் கறுப்பாகத் தெரியும்படி செய்வது. அந்தப் படத்தைக் கைபேசியில் காட்டினேன். "நம்ம வேலைதான்" என்றார். அந்தத் திருகாணி மூடிக்கு உள்ளே இருப்பது, வெளியே தெரியாதது என்று கேட்டவுடன், "கல்லுக்கு அடிப்பக்கம் யாரும் பாலிஷ் போடறதில்லையேடா. அதுக்கு யாரு கூலி குடுப்பாங்க?" என்று கேட்டார். கொடுக்கிறார்கள் என்பதுதான் விடை. ஏன் கொடுக்கிறார்கள் என்பதை என்னால் அவருக்கு விளக்க முடியவில்லை.

எல்லாம் பூட்டிச் சாவி கொடுத்ததும் ஓடிற்று. கைபேசியின் ஒலிவாங்கியால் 'டிக்' ஓசையைக் கேட்டு வேகத்தைக் கணக்கிடும் செயலி ஒன்று உண்டு. அதில் வைத்தால் நாளொன்றுக்கு 240 விநாடி முந்தியது! ஆய்வுக்கூடத்துத் திசைகாட்டியை அருகில் வைத்துப் பார்த்தேன். ஊசி விலகி நடுங்கிற்று. ஒலிபெருக்கியின் பக்கத்தில் வைத்திருந்ததால் சுருள்வில் காந்தமேறிவிட்டது. சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வில்லின் நீளம் குறைந்தாற்போலாகி வேகம் கூடும். பாயிடம் இருக்கும் மாறுமின்னோட்டச் சுருளின் நடுவே வைத்து மெதுவாக வெளியே இழுத்ததும் காந்தம் நீங்கிற்று. பிறகு வேகம் திருத்தும் கைப்பிடியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். இப்போது முகம் மேல்நோக்கிப் படுத்திருந்தால் நாளொன்றுக்கு 12 விநாடி முந்துகிறது. பன்னிரண்டாம் இடம் மேலாகத் தொங்கினால் 15 விநாடி பின்தங்குகிறது. நிற்கும் நிலைக்கு நிலை மாறுவதற்குக் காரணம், பேலன்ஸ் சக்கரத்தின் எடை சுற்றிலும் சரிசமமாக இல்லாமையும் அச்சின் உராய்வு வேறுபடுவதும் ஆகும். குரோனோமீட்டர் சான்றிதழ் இதற்குக் கிடைக்காது.

செலவுக் கணக்கு: பேலன்ஸ் 250, ஃபீலர் கேஜ் 120, தாள்கள் 90, துளைக்கும் ஊசிகள் 60, மேற்கண்ணாடி 60, தோல்பட்டை 200, ஆக 780 ரூபாய். இவ்வளவுதானா என்று நான் மகிழ்ந்தபோது, அப்பா வேறொரு கணக்குப் போட்டார். நான் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த நேரம் 140 மணி. எட்டு மணி நேர வேலையாகப் பார்த்தால் பதினேழரை நாள். அவருடைய கூலி நாளொன்றுக்கு 700. "பன்னெண்டாயிரத்து இருநூத்தி அம்பது ரூபா ஆச்சு, உன் வாட்சு" என்றார். அவர் தேய்த்த மூன்று மாலைகளை அதில் சேர்க்கவில்லை. நான் முதலில் கேட்ட கேள்விக்கு, எனக்குக் கிடைத்த விடை இதுவரைதான்.

கடிகாரம் இப்போது அப்பாவிடம் இருக்கிறது. பட்டறையில் தண்ணீரும் கல்தூளும் என்பதால் வேலைக்குக் கட்டிக்கொண்டு போவதில்லை. பகலில் வீட்டு ஆணியில் பட்டையின் கொக்கி மாட்டித் தொங்குகிறது. இரவில் அவர் தலைமாட்டில் முகம் மேலாகக் கிடக்கிறது. பாதி நாள் 15 விநாடிக் கணக்கில் பின்தங்கலும், பாதி நாள் 12 விநாடிக் கணக்கில் முந்தலும் ஒன்றையொன்று ஏறக்குறையத் தீர்த்துவிடுகின்றன. சென்ற பதினைந்து நாட்களில் அது பின்தங்கியது மொத்தம் இருபது விநாடி. ஏழாம் இடத்துக் கோட்டை இந்த விடுமுறையில் திருத்த வேண்டும்.